பின்னாலிருந்து தள்ளியவர்

ரயில் கம்பெனியின் பாலத்தையும் மூன்று மைல் தண்டவாளத்தையும் ஆற்று வெள்ளம் வாரிக்கொண்டு போய்ப் பதினாலு மாதம் ஆகியிருந்தது. கூடவே அது நிதானத்தின் தூக்கத்தையும் கொண்டுபோய்விட்டது.

நிதானம் என்பது கம்பெனியில் வைத்த பட்டப்பெயர். முப்பது வருஷமாக எஞ்சின் ஓட்டுகிறார். ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை. வெள்ளத்தன்று மேல் ஸ்டேஷனிலேயே ரயிலை நிறுத்திவிட்டார். கீழ் ஸ்டேஷனில் இன்னொரு ரயிலை ஓட்ட நின்ற சகலைக்கு, அதாவது மனைவியின் தங்கை புருஷனுக்கு, போன் போட்டுக் கிளம்பாதே என்றும் சொன்னார். பத்து நிமிஷத்தில் பாலத்தைத் தாண்டிவிடுவேன் என்று அவன் கிளம்பினான். பாலத்துக்கு முன்பே எஞ்சினை ஜன்னல்வரை தண்ணீர் மூடியது. முப்பத்திரண்டு பயணிகளையும் ஒவ்வொருவராகத் தோளில் சுமந்து மேட்டில் சேர்த்தான். கடைசியாக ஒரு குழந்தையைத் தூக்கி வந்தபோது யாரோ போட்டோ எடுத்தார்கள்.

அந்தப் போட்டோதான் கம்பெனியைத் தூக்கி நிறுத்தியது. பேங்க் கையை விரித்ததும், மேனேஜர் ஊர்க்காரர்களிடமே சின்னச் சின்னப் பங்குகளாக விற்றார். பங்குப் பத்திரத்தின் நடுவில் சகலை, தோளில் குழந்தை. முடிதிருத்துகிறவர் இரண்டு வாங்கினார், ரொட்டிக் கடைக்காரர் பத்து. நிதானத்தின் மனைவியும் ஒன்று வாங்கிக் கண்ணாடி போட்டு வாசல் அருகே மாட்டினாள். தினமும் ஷூ போட்டு நிமிர்ந்தால் சகலை முகம். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலை ஆட்டினவனுக்கு இவ்வளவு பேரும் புகழுமா என்று ஒருநாள் மனைவியிடம் கொட்டிவிட்டார். போன் போட்ட கதையை அவளைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் பங்கு விற்காது. பங்கு விற்காவிட்டால் தன் சம்பளமும் வராது.

"நீங்க நிறுத்தினீங்க, ஒண்ணும் நடக்கல. நடக்காததை யாருங்க போட்டோ புடிப்பாங்க?" என்றாள் அவள்.

பாலத்துக்கான கல்லையும் ஜல்லியையும் பதினாலு மாதமாக இழுத்தது அவருடைய எஞ்சின்தான். ஜல்லிக்கு யார் கை தட்டுகிறார்கள்?

புதுப் பாலத்தில் ஓடும் முதல் ரயிலாவது தனக்குக் கிடைக்கும் என்று நம்பியிருந்தார். மேனேஜர் அதிலும் மண்ணைப் போட்டார். முழுகின எஞ்சினைப் பழுது பார்த்து, தண்ணீர் ஏறிய உயரத்தில் ஒரு வெள்ளைக் கோடும் போட்டு, அதையே முன்னால் நிறுத்தினார். பங்கு வாங்கின சனம் அதைத்தான் பார்க்க வருமாம். சீக்கு எஞ்சினால் எட்டுப் பெட்டியோடு மலைமேட்டில் ஏற முடியாது. ஆகவே நிதானம் பின்னாலிருந்து தள்ள வேண்டும்.

திறப்பு நாளன்று கீழ் ஸ்டேஷனில் பெட்டி கொள்ளாத கூட்டம். கடைசிப் பெட்டியின் பின் ஜன்னலில் நிதானத்தின் மனைவி உட்கார்ந்திருந்தாள். நாலடி தூரத்தில் இவருடைய எஞ்சின். புதுப் பாலத்தைத் தாண்டி மேடு ஆரம்பித்தது. முன்னாலிருந்து கைதட்டலும் சகலையின் விசில் சத்தமும் வந்தன. நிதானத்துக்குக் காது இரண்டும் கொதித்தன. ஊர் முன்னால் இவன் ஒரே ஒரு தடவை முழிக்கட்டும் என்று நினைத்தார். அதற்குள் கை, எஞ்சினின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கைப்பிடியை மூன்று படி இறக்கிவிட்டது.

ரயில் முக்கியது, முனகியது, நின்றது. பிறகு அரை அடி பின்னால் உருண்டது. பெட்டிகளில் கூச்சல் எழுந்தது. ஜன்னலில் மனைவி திரும்பி அவரை நேராகப் பார்த்தாள். நிதானம் பதறிப்போய்க் கைப்பிடியை முழுக்க ஏற்றினார். ரயில் உதறிக்கொண்டு கிளம்பி மேட்டைக் கடந்தது.

மேல் ஸ்டேஷனில் எல்லாரும் சகலையைச் சூழ்ந்தார்கள். அவனோ மேனேஜர் கையிலிருந்து மைக்கை வாங்கினான்.

"மேட்டுல என் எஞ்சின் மூச்சை விட்டுடுச்சு. பின்னால அண்ணன் இல்லேன்னா இன்னைக்கு நாம யாரும் வந்து சேர்ந்திருக்க மாட்டோம்."

கூட்டம் அவர் பக்கம் பாய்ந்தது. முடிதிருத்துகிறவர் கட்டிப்பிடித்துக்கொண்டார். ரொட்டிக் கடைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பதினாலு மாதமாக எதற்கு ஏங்கினாரோ அது மொத்தமும் வந்து காலடியில் விழுந்தது. தூரத்தில் மனைவி நின்றிருந்தாள். அவள் மட்டும் கை தட்டவில்லை.

சகலை பூச்செண்டை அவர் கையில் திணித்தான். போட்டோவுக்காகத் தோளோடு தோள் ஒட்டி நின்று, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னான்.

"கைப்பிடியை எறக்கினா எஞ்சின் சத்தம் எப்படி எறங்கும்னு எனக்குத் தெரியும்ணே. பரவால்ல, வாங்கிக்குங்க. வெள்ளத்தன்னைக்கு நானும் இப்படித்தான் வாங்கிக்கிட்டேன்."

கேமராக்காரர் சிரிக்கச் சொன்னார். இரண்டு பேரும் சிரித்தார்கள்.