நெஞ்சில் இரண்டு தட்டு

அந்த வீட்டு நாய்க்குப் பெயர் கிடையாது. வைக்கக் கூடாதென்று யாரும் முடிவு கட்டவில்லை. வைக்க வேண்டியவளுக்குக் குரல் இல்லை, அவ்வளவுதான். தொண்டையில் வந்த நோய்க்கு ஆபரேஷன் செய்து குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு துளை வைத்து, அதன் வழியாகத்தான் மூச்சு. ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய கொஞ்ச நாளில், வாசலில் மழையில் நனைந்து வெடவெடத்துக்கொண்டிருந்த குட்டியை அவள் தூக்கி வந்து மடியில் போட்டுத் துவட்டினாள். பெயர் வைக்கும் பொறுப்பைக் கணவர் ஏற்றுக்கொண்டார். ராஜா, சிங்கம், ஜாக்கி, பட்டாளம் என்று அவர் அடுக்கிக்கொண்டே போனார். அவளும் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டி வேண்டாம் வேண்டாம் என்றாள். கடைசியில் கேட்பாரில்லாத சரக்காக எல்லாப் பெயர்களும் தேங்கிப்போயின.

சரக்கைப் பற்றி அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. காய்கறி மண்டியில் ஏலம் விடுவதுதான் அவருடைய தொழில். விடியற்காலையில் தக்காளிப் பெட்டிகளுக்கு நடுவே ஸ்டூல் போட்டு ஏறி நின்று, 'ஒரு தரம், ரெண்டு தரம்' என்று அவர் குரலெடுத்தால், கோடியில் நிற்கும் லாரிக்குள் தூங்குகிற டிரைவர் எழுந்து உட்கார்ந்துவிடுவார். நேரில் அவரை ஏலக்காரர் என்பார்கள், முதுகுக்குப் பின்னால் ஏலக்காய். மனிதர் கெட்டவர் இல்லை. வாயை மூடத் தெரியாது, அது ஒன்றுதான் குறை. மனைவியின் பேச்சு நின்றதும், வீடு வெறிச்சோடிவிடக் கூடாதே என்று அவள் பங்கையும் சேர்த்து இவரே பேச ஆரம்பித்தார். கேள்வியும் இவரே, பதிலும் இவரே. அவள் போனில் எழுதிக் காட்டினால், கண்ணாடி போடாமல் கையை நீட்டிப் பிடித்து முதல் இரண்டு எழுத்தைப் படிப்பார். மீதியை ஊகித்துக்கொண்டு ஓடுவார். ஒருநாள் 'பால்' என்று பார்த்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடினார். இரண்டு பாக்கெட்டோடு திரும்பி வந்து பார்த்தால், பால்கனிக் கதவைச் சாத்தச் சொல்லித்தான் அவள் எழுதியிருந்தாள். அன்றைக்கு அவளுக்குத் தோள் குலுங்கு குலுங்கென்று குலுங்கியது. குரல் போன பிறகு அவளுடைய சிரிப்பு அதுதான்.

இந்த வீட்டில் வளர்ந்த நாய் வேறு எப்படி இருக்கும்? விரலைச் சொடுக்கினால் சாப்பாடு, உள்ளங்கையைக் காட்டினால் நில், தரையில் ஒரு தட்டுத் தட்டினால் படு. அதற்குத் தெரிந்ததெல்லாம் இப்படிக் கையால் பேசும் பாஷைதான். குரல் என்பது விடியுமுன் வெளியே போய் மதியம் திரும்பி வரும் ஒரு சத்தம் என்று அது முடிவு செய்திருந்தது. அதனால் மனிதர்களோடு பழகுவதில் அதற்குத் தனிச் சட்டம். 'வாடா செல்லம், வா வா' என்று கொஞ்சுகிறவர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்ளும். கண்டுகொள்ளாமல் இருக்கிறவர் காலடியில் போய்ப் படுக்கும். ஹெல்மெட்டைக் கழற்றாமல் பார்சலை நீட்டிவிட்டுப் போகும் பையன் அதன் உயிர் நண்பன். கேபிள்காரர் வாயைத் திறந்தாலே சோபாவுக்குப் பின்னால் ஓடிவிடும். தெருநாய்கள் கூட்டமாக வந்து சுற்றி நின்று குரைத்தால், பதிலுக்குக் குரைக்காது. நடுவில் உட்கார்ந்து வேறெங்கோ பார்க்கும். சண்டைக்கு வந்தவை என்ன செய்வதென்று தெரியாமல், கொஞ்ச நேரம் குரைத்து மானத்தைக் காப்பாற்றிக்கொண்டு கலைந்து போகும். இவ்வளவு திமிர் பிடித்த நாயைத் தன் ஆயுளில் பார்த்ததில்லை என்று எதிர்வீட்டு அம்மாள் சொல்லாத நாள் கிடையாது.

அவள் விஷயத்தில் மட்டும் அந்தத் திமிரெல்லாம் எங்கே போகுமோ தெரியாது. அவள் நாற்காலியை விட்டு எழுந்தால் எழும், உட்கார்ந்தால் உட்காரும்.

நோய் திரும்பி வந்து நுரையீரலைப் பிடித்தது. அவள் படுத்த படுக்கையானாள். ஏலக்காரர் விழுந்து விழுந்து கவனித்தார். அதை யாரும் மறுக்க முடியாது. கழுத்துத் துளையில் சளி அடைத்துக்கொண்டால் ஆபத்து, மருந்தை ஆவியாக்கி விடும் மிஷினை உடனே வைக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவள் உள்ளங்கையால் நெஞ்சில் இரண்டு தட்டுத் தட்டுவாள். அடுப்பில் எது இருந்தாலும் அப்படியே விட்டுவிட்டு, "இதோ வந்துட்டேன், இதோ வந்துட்டேன்" என்று இவர் மிஷினோடு ஓடிவருவார். அது கடகடவென்று போடும் சத்தத்தில் நாய் அறையை விட்டே ஓடிவிடும். ஆரம்பத்தில் அவள் வேண்டாமென்று தலையசைத்தாள். தனக்குச் சிரமம் கொடுக்கக் கூடாதென்று பார்க்கிறாள் என்று நினைத்து, செல்லமாக நாலு திட்டுத் திட்டி, மூடியைக் கழுத்தில் பொருத்திவிட்டுச் சமையலறைக்குப் போய்விடுவார். அப்போதெல்லாம் அவளுக்குத் தோள் குலுங்கும். பிறகு பிறகு குலுங்குவது நின்றுவிட்டது. மூடியை வைக்க வாகாகக் கழுத்தை நிமிர்த்திக் கொடுத்துவிடுவாள்.

கடைசி நாளும் அப்படித்தான். ஒரு காலைச் செருப்பில் நுழைத்தாகிவிட்டது, மண்டிக்கு நேரமாகிவிட்டது. திரும்பிப் பார்த்தால் அவள் நெஞ்சைத் தட்டுகிறாள். நாய் கட்டில்மேல் ஏறி அவளோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. அதை அதட்டி விரட்டிவிட்டு, செருப்புக் காலோடு மிஷினை வைத்து ஓடவிட்டுத்தான் போனார். நன்றாக விடிந்த பிறகு அவளுடைய தங்கை, ஏலக்காரரின் மச்சினி, வந்து பார்த்தபோது மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவள் போய்விட்டிருந்தாள்.

துக்கம் விசாரிக்க வந்த ஒவ்வொருவரிடமும் ஏலக்காரர் இதைச் சொன்னார். "சளின்னு காட்டினா. மிஷினை வச்சிட்டுத்தான் போனேன். கடைசி நிமிஷம் வரைக்கும் அவளுக்கு ஒரு குறை வைக்கல" என்பார். தெருமுனை வரை கேட்கும் அந்தக் குரல் அந்த இடத்தில் மட்டும் உடையும். வந்தவர்கள் ஆமாம் ஆமாம் என்று அவர் கையைப் பிடித்துக்கொள்வார்கள். உண்மையில் அந்த ஒரு வாக்கியம்தான் அவரை நடமாட வைத்துக்கொண்டிருந்தது.

நாய் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டது. அவர் மண்டிக்குப் போன பிறகு வெளியே வந்து தட்டில் இருப்பதைப் பாதி தின்னும். சாவித் துவாரத்தில் சாவி நுழையும் சத்தம் கேட்டதும் உள்ளே போய்விடும். அவரும் என்னென்னவோ செய்து பார்த்தார். பிஸ்கட் வாங்கி வந்தார். வேகவைத்த ஈரலை உள்ளங்கையில் வைத்து நீட்டினார். ஒருநாள் தரையில் குப்புறப் படுத்து, கட்டிலுக்கடியில் தலையை விட்டு, கிசுகிசுவென்று கூப்பிட்டுப் பார்த்தார். அவருடைய கிசுகிசுப்பு மற்றவர்கள் அடுத்த அறைக்குப் பேசும் அளவு இருக்கும். நாய் சுவரோடு ஒண்டி நடுங்கியது. அன்று அவர் அப்படியே தரையில் கிடந்து அழுதார். அவள் கை பட்டு வளர்ந்த உயிர் இந்த உலகத்தில் அது ஒன்றுதான் மிச்சம். அதற்கும் தன்னைப் பிடிக்கவில்லையே என்று நினைக்க நினைக்க அவருக்குத் தாங்கவில்லை.

மச்சினி மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். அக்கா இருந்தபோது கடை திறக்குமுன் தினமும் காலையில் வந்து பார்த்துக்கொண்டவள். மாமாவுக்குக் கண்ணாடி போடச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனவளும் அவள்தான். எலும்பும் தோலுமாகிவிட்ட நாயைப் பார்த்துவிட்டு, இது இங்கே இருந்தால் செத்துப்போகும், ஞாயிற்றுக்கிழமை வந்து தன் வீட்டுக்குக் கூட்டிப்போகிறேன் என்றாள். மாட்டேன் என்று சொல்ல அவருக்கு என்ன உரிமை இருக்கிறது? சரி என்றார். அவர் ஆயுளில் ஒற்றை வார்த்தையில் முடித்துக்கொண்ட பேச்சு அநேகமாக அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மச்சினி புதுக் கழுத்துப் பட்டையும் கயிறுமாக வந்தாள். நாயின் தட்டு, துவட்டும் துண்டு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு ஏலக்காரர் தயாராக வைத்திருந்தார். மனைவி படுத்திருந்த கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். எத்தனையோ பேர் விலை கேட்கும் சந்தடியில் தன் சரக்கை விட்டுக்கொடுக்காத மனிதர், அன்று ஒரே ஒரு வார்த்தை சொல்ல நினைத்தார். இது இங்கேயே இருக்கட்டும்மா என்று. வாயைத் திறந்தார், குரல் வரவில்லை. நெஞ்சுக்குள் ஏதோ கட்டியாக வந்து அடைத்தது. அதைத் தள்ளுவதற்காக உள்ளங்கையால் நெஞ்சில் இரண்டு தட்டுத் தட்டினார்.

கட்டிலுக்கடியில் நகம் உரசும் சத்தம் கேட்டது. நாய் வெளியே வந்தது. அவர் முகத்தைப் பார்த்தது. கொஞ்சம் தயங்கி, கட்டில்மேல் தாவி ஏறி, அவர் இடுப்போடு ஒட்டி உட்கார்ந்து, தலையை அவர் நெஞ்சில் சாய்த்துக்கொண்டது.

அவர் மூச்சுக்கூட விடவில்லை. அசைந்தால் போய்விடுமோ என்று பயம். மச்சினிக்குக் கண்ணில் நீர் கோத்துவிட்டது.

"அக்கா மாதிரியே கூப்பிட்டீங்களே, மாமா. தெரிஞ்சுக்கிட்டே இத்தனை நாள் ஏன் கூப்பிடாம இருந்தீங்க?"

"நான் கூப்பிடலையேம்மா. நெஞ்சை அடைச்சுது, தட்டினேன்."

"அதுதான் மாமா. நெஞ்சுல ரெண்டு தட்டுத் தட்டினா, பக்கத்துல வந்து உக்காருன்னு அர்த்தம். என்னையும் அப்படித்தான் கூப்பிடுவா. சும்மா உக்காந்திருந்தா போதும் அவளுக்கு."

"சளிக்கும் அப்படித்தானே தட்டுவா?"

"சளின்னா கழுத்தைத்தான் தொட்டுக் காட்டுவா" என்றாள் மச்சினி, நாயின் முதுகைத் தடவிக்கொண்டே.

ஏலக்காரரின் பார்வை மூலையில் உறைபோட்டு வைத்திருந்த மிஷின்மேல் போய் நின்றது. ஒவ்வொரு தடவையாக அவருக்கு நினைவு வந்தது. அடுப்பை விட்டுவிட்டு ஓடிவந்தது, வேண்டாமென்று அவள் தலையசைத்தது, தான் திட்டியது, தோள் குலுங்கியது, பிறகு குலுங்காமல் போனது. பக்கத்தில் வந்து உட்காரச் சொல்லி அவள் கூப்பிட்டாள். அவர் மிஷினை வைத்துவிட்டு எழுந்து போனார். மிஷின் சத்தத்துக்கு, பக்கத்தில் இருந்த நாயும் எழுந்து போனது.

"அன்னைக்குக் காலையிலயும் தட்டினா" என்றார். அந்தக் குரல் யாருடையதோ போலிருந்தது.

மச்சினியின் கை நாயின் முதுகிலேயே நின்றுவிட்டது. தான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. அவசர அவசரமாக, இல்லை மாமா, சில சமயம் சளிக்கும் தட்டியிருப்பாள், அன்றைக்கு நிச்சயம் சளியாகத்தான் இருந்திருக்கும், மிஷின் வைத்ததுதான் நல்லது என்றாள். மூன்று தரமும் சொல்லி முடித்த பிறகு விலையை மாற்றிச் சொல்லுகிற குரல் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாதா?

"எழுதிக் காட்டியிருக்கலாமேம்மா" என்றார். "ஒரு தடவை எழுதிக் காட்டியிருக்கலாமே."

"இதைப் போயா மாமா எழுதிக் காட்டுவாங்க?"

மச்சினி எழுந்தாள். பையிலிருந்த தட்டையும் துண்டையும் எடுத்து, இருந்த இடத்திலேயே வைத்தாள். கழுத்துப் பட்டையையும் கயிற்றையும் வாசல் ஆணியில் மாட்டிவிட்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனாள்.

சட்டைப்பையில் போன் அடித்தது. மறுநாள் சரக்கைப் பற்றி மண்டியிலிருந்து கூப்பிடுகிறார்கள். நாய் காதை விறைத்துக்கொண்டு தலையைத் தூக்கிப் பார்த்தது. அவர் பையோடு சேர்த்துப் போனை அமுக்கிச் சத்தத்தை நிறுத்தினார். கால் மரத்துக்கொண்டு வந்தது, தொண்டை வறண்டது. நாய் மறுபடி தலையைச் சாய்த்துக்கொண்டது. அதுவாக எழுந்து போகிற வரைக்கும், ஒரு வார்த்தை பேசாமல், அவர் அதன் பக்கத்தில் உட்கார்ந்தே இருந்தார்.