இஸ்திரி போட்ட காலுறை

இஸ்திரி போடுகிறவளின் உள்ளங்கைக்குத் தெரியாத சூடு உண்டா? பட்டுக்கு எவ்வளவு, பருத்திக்கு எவ்வளவு என்று பெட்டியைக் கன்னத்தருகே கொண்டுபோயே சொல்லிவிடுவாள். அப்படிப்பட்டவளுக்கு, பிறந்து நாற்பது நாளான தன் மகளின் பாதம் பிடிபடவில்லை, கண்ணுகளா. கை வெதுவெதுப்பாக இருக்கும். கால் மட்டும் சில்லென்று.

கணவனுக்குக் கப்பலில் வேலை. போனில் சொன்னால், "குளிரா இருக்கும், போர்த்திவிடு" என்றான். ஒரு நாள் நாத்தனார் வந்தாள். "புள்ளைய வெறுங்காலோட போட்டிருக்கியே, நீயெல்லாம் ஒரு அம்மாவா?" என்று கேட்டுவிட்டுக் கிளம்பினாள். அதன் பிறகு அவள் குடியிருந்த ஒற்றை அறைக்கு யாருமே வரவில்லை.

அவள் ஒரு வேலை செய்தாள். சின்னக் காலுறைகளை ஒரு தேய்ப்புத் தேய்த்து, கன்னத்தில் ஒற்றிப் பார்த்து, சூடு ஆறுமுன் மாட்டினாள். தடுப்பூசிக்குப் போன காலையிலும் அப்படித்தான். ஆஸ்பத்திரி அடுத்த தெருவில்தான்; போய்ச் சேரும்வரை சூடு ஆறவில்லை. நர்ஸ் காலுறைக்குள் விரல் விட்டுப் பார்த்தாள்.

"அடடா, கால் கதகதன்னு இருக்கே! அம்மா கெட்டிக்காரிதான்."

உண்மை தொண்டை வரை வந்தது. ஆனால் அவளை யாராவது பாராட்டி எத்தனை மாதம்! விழுங்கிவிட்டாள்.

இரண்டு நாள் கழித்துக் குழந்தை இரண்டு வாய் பால் குடித்தது, உடனே மூச்சு இரைத்தது, நெற்றியெல்லாம் வியர்வை. அவள் காலுறையைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினாள்.

"டாக்டரம்மா, நான் ஏமாத்திட்டேன்."

"யாரை?"

"உங்க நர்ஸை. காலுறைய இஸ்திரி போட்டு மாட்டினேன். கால் எப்பவுமே சில்லுனுதான் இருக்கு."

டாக்டர் சிரிக்கவில்லை. ஒரு கையால் குழந்தையின் மணிக்கட்டையும் மறு கையால் தொடை இடுக்கையும் பிடித்துக்கொண்டு நின்றார். மணிக்கட்டில் நாடி துள்ளியது. தொடையில் தேட வேண்டியிருந்தது.

படம் எடுத்துப் பார்த்த பிறகு சொன்னார்: "இதயத்துலேர்ந்து உடம்புக்கு ரத்தம் போற பெரிய குழாய், ஒரு இடத்துல கயிறு கட்டி இறுக்கின மாதிரி குறுகியிருக்கு. பொறக்கும்போதே வந்தது. நீங்க போர்த்தாததால இல்லம்மா. அந்த இடத்தை வெட்டியெடுத்துத் தைக்கணும். இன்னும் தள்ளிப்போயிருந்தா கஷ்டம்."

ஆபரேஷன் அன்று அவள் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தாள். முறைத்துக்கொண்டே இருந்த வாட்ச்மேன் கடைசியில் வாய் திறந்தார்.

"காலையிலேர்ந்து அசையவே இல்லையே, வேர் விட்டுடப்போறீங்க. கூட யாரும் வரலியா?"

"வந்துட்டிருக்காங்க" என்றாள். யாரும் வந்துகொண்டிருக்கவில்லை.

பிற்பகலில் உள்ளே கூப்பிட்டார்கள். குழந்தையின் உடம்பு முழுக்க ஒயரும் குழாயும். "கால் மட்டும் தொடலாம்" என்றாள் நர்ஸ். அவள் உள்ளங்கையை வைத்தாள். நம்பிக்கை வரவில்லை. குனிந்து கன்னத்தை வைத்தாள். பட்டுக்கு வைக்கிற சூடு.

வெளியே வந்து கப்பலுக்குப் போன் போட்டாள். கிடைக்கவில்லை. வாட்ச்மேனிடம் போனாள்.

"எம்பொண்ணுக்குக் கால் கதகதன்னு இருக்குங்க."

அதில் என்ன பெரிய விஷயம் என்று அவருக்குப் புரியவில்லை. இருந்தாலும் நாற்காலியிலிருந்து எழுந்துகொண்டு, "அப்படியா!" என்றார்.

அவள் பெஞ்சுக்குத் திரும்பினாள். காலையிலிருந்து கைக்குள் கசங்கிக் கிடந்த காலுறைகளைப் பக்கத்துக் காலி இடத்தில் விரித்து, உள்ளங்கையால் ஒவ்வொரு சுருக்கமாக நீவத் தொடங்கினாள்.