தண்ணீர்மேல் சொல்லக்கூடாத சொல்

கின்சிக் ஆற்றில் வெட்டிய மரங்களைத் தெப்பமாகக் கட்டி விடுகிறவர்களின் பேச்சைப் பெண்கள் கேட்கக் கூடாது என்பார்கள். எங்கள் பள்ளத்தாக்கில் அதைக் கேட்காமல் வளர்ந்த பெண் ஒருத்தியும் இல்லை. தெப்பத்தின்மேல் வசவுதான் கட்டளை. முன்னால் நிற்கும் சுக்கான்காரன் "தடைக்கட்டையை இறக்கு" என்று மட்டும் சொன்னால் பின்னால் நின்று அந்தக் கட்டையை ஆற்றுப்படுகையில் உரசவிட்டு வேகத்தைத் தடுப்பவனுக்கு அது காதில் ஏறாது. "இறக்குடா, பன்னிக்குப் பொறந்தவனே" என்றால் கை தானாக இறங்கும். அப்பன் மகனைத் திட்டுவான். மருமகன் மாமனாரைத் திட்டுவான். கரையேறியதும் இருவரும் ஒரே பலகையில் உட்கார்ந்து கம்பு ரொட்டியும் பன்றிக்கொழுப்பும் தின்பார்கள். ஆற்றில் சொன்னதை ஆறு கொண்டுபோய்விடும் என்பது இங்கே வழக்கு.

வெல்டன் ஒருவன்தான் தெப்பத்தில் வாய் திறக்காதவன். அவனுக்கு எல்லாமே சீழ்க்கைதான். ஒரு சீழ்க்கை அடித்தால் தடைக்கட்டையை இறக்க வேண்டும், இரண்டு அடித்தால் தூக்க வேண்டும். அவனுக்குப் பின்னால் தடைக்கட்டையைப் பிடித்தவன் அவனுடைய அக்காள் புருஷன் காலுஸ். பருத்த ஆள். "என் மச்சான் வாயில நாக்கு இல்ல, குருவி இருக்கு" என்று சாராயக்கடையில் சொல்லிச் சிரிப்பான்.

கல்யாணத்துக்கு முன் வெல்டனும் அவன் அப்பனைப் போலவே திட்டியவன்தான். ஒரு வசந்தகால வெள்ளம் வடிந்த பிறகு, அணைக்குக் கீழே நனைந்த உடையோடு உட்கார்ந்திருந்த மெர்காவை அவன் வீட்டுக்கு அழைத்து வந்தான். அவளுக்கு ஊர் பேர் சொல்ல ஒருவரும் இல்லை. கல்யாணத்துக்கு முந்திய மாலை அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"வீட்டுல என்ன வேணா சொல்லு. தண்ணி மேல மட்டும் என்னைத் திட்டாத. திட்டினா நான் இருக்க முடியாது."

"இருக்க மாட்டேங்கிறியா?"

"மாட்டேன்னு சொல்லல. முடியாதுன்னு சொல்றேன்."

அவன் காரணம் கேட்கவில்லை. நாக்கு பழகிவிட்டால் ஆள் பார்க்காது என்று பயந்து, தண்ணீர்மேல் யாரையுமே திட்டுவதை விட்டுவிட்டான். அவளும் அதற்குப் பிறகு ஒரு படகில்கூடக் கால் வைக்கவில்லை.

மெர்காவின் பாவாடை ஓரம் எப்போதும் ஈரமாக இருக்கும். வைக்கோல் காயும் கோடையிலும் அப்படித்தான். பெண்கள் அதைப் பார்த்தார்கள், பேசினார்கள், பிறகு மறந்தார்கள். ஓர் இலையுதிர் காலத்தில் யோஸ் என்ற இளைஞன் ஆற்றில் செத்ததும் எல்லாம் நினைவுக்கு வந்தது. துறவிக்கல் என்று நாங்கள் சொல்லும் பாறை ஆற்றின் நடுவில் தண்ணீருக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. யோஸ் அந்த இடத்தில் தடைக்கட்டையைத் தூக்கத் தவறினான். கட்டை பாறையில் இடித்து எகிறி அவனைத் தண்ணீரில் எறிந்தது. பின்னால் வந்த மரங்கள் அவன்மேல் ஏறின. அதற்கு முந்தின நாள்தான் மெர்கா அவன் தாயிடம் "நாளைக்குப் பையனை அனுப்பாதீங்க" என்று சொல்லியிருந்தாள். முன்கூட்டிச் சொன்னவள்தான் செய்தவள் என்று ஊர் முடிவு கட்டியது. கோட்டைக்கு அப்போது புது அதிகாரி வந்திருந்தார். அவருக்கும் ஒரு வழக்குத் தேவைப்பட்டது.

திங்கட்கிழமை ஆள் அனுப்பி மெர்காவைக் கோட்டைக்குக் கொண்டுபோகப் போகிறார்கள் என்ற செய்தி சனிக்கிழமை மதியம் வெல்டனுக்குக் கிடைத்தது. சொன்னவர் ஸ்ட்ராஸ்பூர்க் நகரத்திலிருந்து வந்திருந்த வைத்தியர். பாஸல் நகரில் படித்தவர். அதிகாரி அவரிடம்தான் கருத்துக் கேட்டிருந்தார். காலுஸின் கழுத்துக் கட்டியைக் கீறுவதாகச் சொல்லிக்கொண்டு அவர் வெல்டன் வீட்டுக்கு வந்தார். உண்மையிலேயே கீறவும் செய்தார்.

"ஐயா, என் பெண்டாட்டி சூனியக்காரியா?" என்றான் வெல்டன்.

"இல்ல. பேயும் இல்ல. தண்ணியில ஒரு சனம் இருக்கு. காத்துல ஒண்ணு, மண்ணுக்குள்ள ஒண்ணு, நெருப்புல ஒண்ணு. சாப்பிடுவாங்க, தூங்குவாங்க, சாவாங்க. ஆத்மா மட்டும் கிடையாது. மனுஷனைக் கட்டிக்கிட்டா அதுவும் வந்துரும். உனக்கு இருக்கிறது அவளுக்கும் இருக்கு."

"இத அதிகாரிகிட்டச் சொன்னீங்களா?"

"சொன்னேன். ஆத்மா கிடையாதுங்கிறது வரைக்கும் கேட்டுட்டு எழுந்துட்டார்."

"அடப்பாவி மனுஷா," என்று முனகினான் காலுஸ். கட்டியைக் கீறியவரைச் சொன்னானா, அதிகாரியைச் சொன்னானா தெரியவில்லை.

அடுப்பருகில் மெர்கா டர்னிப் கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தாள். "நெருப்புல இருக்கிறவங்களை நீங்க பார்த்திருக்கீங்களா, ஐயா?" என்றாள்.

"இல்லம்மா. படிச்சதுதான்."

"அப்ப சரி," என்று அடுத்த கிழங்கை எடுத்தாள்.

வைத்தியர் வாசல்வரை போய் நின்று, வெல்டனிடம் குரலைத் தாழ்த்தினார். "தண்ணி மேல அவ மனசு நோக ஒரு சொல் சொல்லாத. சொன்னா போயிடுவா. போனா செத்துட்டான்னு மட்டும் நெனைக்காத. உயிரோடதான் இருப்பா. உங்க கல்யாணமும் அப்படியே இருக்கும். இன்னொருத்தியக் கட்டினா உன் உயிருக்கு நான் பொறுப்பில்ல."

"எனக்குத் தெரியும், ஐயா," என்றான் வெல்டன். அதில் பாதிதான் அவனுக்கு முன்பே தெரியும்.

பாலத்தில் காவல் போட்டிருந்தார்கள். மலைப்பாதையிலும் ஆள் இருந்தது. மிச்சம் இருந்தது ஆறுதான். திங்கட்கிழமை போக வேண்டிய தெப்பம் அணைக்கு மேலே கட்டித் தயாராகக் கிடந்தது, தண்ணீரும் தேக்கியாயிற்று. ஞாயிற்றுக்கிழமை ஆற்றில் தெப்பம் விடக் கூடாது என்பது சட்டம். அதனால் அன்று அணையில் யாரும் இருக்க மாட்டார்கள். போதகரின் பிரசங்கமும் நீளம். ஆற்றோடு போய்விட்டால் நண்பகலுக்குள் எல்லைக்கல்லைத் தாண்டலாம். அதற்கப்பால் வேறொரு பிரபுவின் மண்; இந்த அதிகாரியின் கை அங்கே நீளாது.

"நான் பின்னால கட்டையப் பிடிக்கிறேன்," என்றான் காலுஸ்.

"அப்ப மதகை யார் திறப்பா?"

காலுஸ் யோசித்தான். மதகுக்காரன் கோயிலில் இருப்பான். இன்னொருவனை நம்பிச் சொல்ல முடியாது. "நான் திறந்துட்டு ஓடி வந்து ஏறிக்கிறேன்."

"ஓடுற தெப்பத்துல நீ குதிச்சா தெப்பம் முழுகிடும், மச்சான்."

"நான் பிடிக்கிறேன்," என்றாள் மெர்கா.

இருவரும் அவளைப் பார்த்தார்கள்.

"ஒண்ணுன்னா இறக்கணும். ரெண்டுன்னா தூக்கணும். அவ்வளவுதானே? தினமும் கரையில நின்னு கேட்கிறேன்." பிறகு வெல்டனைப் பார்த்து, "நீ சீழ்க்கைய மறக்காத," என்றாள்.

"தங்கச்சி, அவனுக்கு அது ஒண்ணுதான் தெரியும்," என்றான் காலுஸ். யாரும் சிரிக்கவில்லை.

ஞாயிறு காலை கோயிலில் முதல் சங்கீதம் எழுந்தபோது மூவரும் அணையில் இருந்தார்கள். வெல்டன் முன்னால் சுக்கானைப் பிடித்தான். மெர்கா பின்கோடிக்கு நடந்தாள். இடையில் கட்டுக்கட்டாகப் பிணைத்த ஃபிர் மரங்கள் ஒரு தெருவின் நீளத்துக்குக் கிடந்தன. அவள் கால் வைத்த இடத்தில் மரம் அசையவில்லை. தண்ணீர்மேல் அவள் நடப்பதை அவன் பார்ப்பது அதுவே முதல் தடவை. பார்க்காமல் இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

காலுஸ் சம்மட்டியால் மதகின் ஆப்பைத் தட்டினான். தேங்கிய தண்ணீர் உறுமிக்கொண்டு இறங்கியது. தெப்பம் முதலில் முனகியது, பிறகு முன்கட்டு வளைந்து அணைவாயில் விழுந்தது. அதன் பின்னால் ஒவ்வொரு கட்டாக விழுந்தன.

இனி வெல்டன் திரும்பிப் பார்க்க முடியாது. ஓடும் தெப்பத்தில் சுக்கான்காரன் திரும்பினால் தெப்பம் கரையில் ஏறும். பின்னால் நடப்பதை அவன் காதால்தான் அறிய வேண்டும்.

முதல் வளைவில் ஒரு சீழ்க்கை அடித்தான். பின்னால் கட்டை இறங்கி ஆற்றுப்படுகையில் கரகரவென்று உரசியது. தெப்பம் நீண்டு வளைவில் படிந்தது. இரண்டு சீழ்க்கை. உரசல் நின்றது. காலுஸைவிடச் சுருக்காகவே செய்தாள். இரண்டாவது வளைவும் அப்படியே போயிற்று. வெல்டனின் முதுகு கொஞ்சம் தளர்ந்தது.

பாலத்தின் காவல்காரன் ஆப்பிள் தின்றுகொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை தெப்பம் வருவதை அவன் கண்கள் நம்பச் சற்று நேரம் ஆயிற்று. தெப்பம் பாலத்துக்கு அடியில் புகுந்தபோதுதான் "ஏய், யார்றா அது" என்று கத்தினான். வெளியே வந்தபோது அவன் ஊரை நோக்கி ஓடுவது தெரிந்தது. சற்றைக்கெல்லாம் கோயில் மணி அகாலத்தில் அடிக்கத் தொடங்கியது. குதிரைகள் புறப்பட்டுவிடும். ஆனால் குதிரைப் பாதை மலையைச் சுற்றிப் போகிறது. ஆறு நேராகப் போகிறது.

துறவிக்கல்லுக்கு முன்னால் ஒரு கூர்மையான வளைவு உண்டு. அதில் கட்டையை இறக்க வேண்டும், வளைவு முடிந்ததும் உடனே தூக்க வேண்டும். வெல்டன் ஒரு சீழ்க்கை அடித்தான். கட்டை இறங்கியது. அந்த நேரம், வெள்ளம் புரட்டிக் கொண்டுவந்த ஏதோ ஒரு அடிமரம் சுக்கானின் துடுப்பில் மோதியது. கைப்பிடி எகிறி அவன் வாயில் அடித்தது.

அவன் விழவில்லை. சுக்கானையும் விடவில்லை. வாய் நிறைய ரத்தமும் பல்லுமாக இருந்தது. துப்பினான். எதிரே, தண்ணீர் வழவழவென்று மேடாகப் புடைத்திருந்த இடம் தெரிந்தது. அதன் கீழேதான் கல். இரண்டு சீழ்க்கை அடிக்க உதடுகளைக் குவித்தான். காற்றுதான் வந்தது. மறுபடியும் முயன்றான். கிழிந்த உதட்டில் ரத்தம் கொப்பளித்தது.

பின்னால் கட்டை கரகரத்துக்கொண்டே வந்தது. அவள் சீழ்க்கைக்காகக் காத்திருந்தாள்.

"மெர்கா, தூக்கு!"

ஆற்றின் இரைச்சல் அதை விழுங்கியது. உரசல் நிற்கவில்லை.

"தூக்கும்மா!"

உரசல் நிற்கவில்லை. முன்கட்டு கல்லின்மேல் வழுக்கி ஏறியது. அடுத்த கட்டும் ஏறியது. யோஸின் உடம்பு மரங்களுக்கு நடுவில் கிடந்த விதம் வெல்டனின் கண்முன் வந்தது. அப்போது அவன் வயிற்றிலிருந்து ஒரு குரல் எழுந்தது. அது அவன் அப்பனின் குரல். அப்பனுக்கு அப்பனின் குரல். இந்த ஆற்றில் எந்த இரைச்சலையும் கிழித்துக்கொண்டு பின்கோடிவரை போவதற்கென்றே பழகிய குரல்.

"தூக்குடி, செவிட்டு மூதேவி!"

உரசல் நின்றது. கடைசிக் கட்டு கல்லைத் தாண்டித் தண்ணீரில் இறங்கும் சத்தம் கேட்டது. மரம் எதுவும் முறியவில்லை. யாரும் அலறவில்லை.

அவன் நின்றான். திரும்பிப் பார்க்க முடியாது. எல்லைக்கல்லுக்கு முன் இன்னும் ஒரு வளைவு இருந்தது. அவனால் சீழ்க்கை அடிக்க முடியாது. கத்தவும் மாட்டான், இனி செத்தாலும் வாயைத் திறக்க மாட்டான். கட்டை இறங்காவிட்டால் தெப்பத்தின் வால் முன்னே ஓடி வந்து மடிந்து அவனை நசுக்கும். சரி, நசுக்கட்டும் என்று நினைத்தான். காதை மட்டும் பின்னால் வைத்திருந்தான். வளைவு நெருங்கியது. கரையோர ஆல்டர் மரங்கள் நெருங்கி வந்தன.

கரகரவென்று சத்தம் கேட்டது.

கட்டை யாரும் சொல்லாமலே இறங்கியிருந்தது. இறங்க வேண்டிய இடத்தில், இறங்க வேண்டிய நேரத்தில். தெப்பம் நீண்டு, அடங்கி, வளைவில் திரும்பியது. வெல்டன் ரத்தத்தோடு சிரித்துவிட்டான். இருக்கிறாள். அந்த உரசலைக் கேட்டுக்கொண்டே, அதைவிட இனிய சத்தம் இல்லாததுபோல, அகன்ற அமைதியான தண்ணீருக்குள் வந்தான். இடதுகரையில் எல்லைக்கல் கடந்துபோயிற்று. தெப்பம் மெல்ல மெல்ல மணல்திட்டில் ஒதுங்கி நின்றது. உரசலும் நின்றது.

அப்போதுதான் திரும்பினான்.

பின்கோடியில் யாரும் இல்லை. கட்டை இறக்கியபடியே இருந்தது. பாவாடைமேல் அவள் கட்டியிருந்த முன்துணியால் அதை மரத்தோடு பிணைத்திருந்தது. வெல்டன் மரங்களின்மேல் நடந்து போய் அதைத் தொட்டான். இரட்டை முடிச்சு. இரண்டு கையாலும் இழுத்து இறுக்கியது. தவறி விழுகிறவள் போடும் முடிச்சு அல்ல. இருக்க முடியாது என்று சொன்னவள், ஒரு வளைவு தூரம் இருந்திருக்கிறாள்.

காலுஸ் கரையோரமாகவே ஓடி வந்து சேர்ந்தான். கழுத்துக்கட்டு அவிழ்ந்து தொங்கியது. பேச மூச்சு இல்லை. எல்லைக்கல்லைத் தொட்டுக்கொண்டு நின்றான்.

"தாண்டிட்டீங்களா? தங்கச்சி எங்க?"

வெல்டன் முடிச்சின்மேல் வைத்த கையை எடுக்கவில்லை.

"திட்டிட்டேன்," என்றான்.

"என்னது?"

"கல்லுகிட்ட. திட்டிட்டேன், மச்சான்."

காலுஸ் அவன் உடைந்த வாயைப் பார்த்தான். பல வருடமாக எல்லாரிடமும் சொல்லிப் பழகிய அந்த ஆறுதல் அவன் நாக்கின் நுனிக்கு வந்தது. "விடுறா, ஆத்துல சொன்னத ஆறு…" என்று தொடங்கியவன், வாக்கியத்தை முடிக்காமல் தண்ணீரில் இறங்கித் தெப்பத்தின்மேல் ஏறி, மச்சானின் பக்கத்தில் உட்கார்ந்தான்.

அதிகாரியின் ஆட்கள் கொக்கி போட்டு அணையிலிருந்து எல்லைவரை ஆற்றைத் துழாவினார்கள். யோஸைக் கொடுத்த ஆறு மெர்காவைக் கொடுக்கவில்லை. மூழ்கி இறந்தவள் என்று போதகர் சாவுமணி அடிக்கச் சொன்னார். அதைத் தடுக்க ஊருக்குத் திரும்பி வரத் துணிந்த வெல்டன் மணிக்கூண்டின் கதவில் முதுகை வைத்து நின்றான். "அவ சாகலையே. எதுக்கு மணி?" என்றான். உள்ளே பிடித்துப் போட்டு, அபராதம் போட்டு, கடைசியில் விட்டுவிட்டார்கள். குற்றவாளி இல்லாத வழக்கு அதிகாரிக்குச் சலித்துவிட்டது.

முன்பல் போனவனால் சீழ்க்கை அடிக்க முடியாது. அதனால் இப்போது காலுஸ் முன்னால் நிற்கிறான், வெல்டன் பின்னால் கட்டையைப் பிடிக்கிறான். அணையிலிருந்து எல்லைவரை காலுஸ் அவனைத் திட்டிக்கொண்டே போகிறான். துறவிக்கல் வந்தால் மட்டும் வாயை மூடிக்கொள்கிறான். அங்கே வெல்டனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அக்காள் இரண்டு தடவை அவனுக்குப் பெண் பார்த்தாள். இரண்டு தடவையும் அவன் ஒரே பதிலைச் சொன்னான்: "எனக்குப் பெண்டாட்டி இருக்கா."

எங்கள் கோயில் மணி அவளுக்காக இன்றுவரை அடிக்கவில்லை.