நத்தைக்கு வாங்கிய பீர்

பவுலின் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது போன வருடம் சர்ச்சில் நடந்த அறுப்பின் பண்டிகையில்தான். ஐரின் காணிக்கையாக வைத்த தக்காளி ஒன்றில் சூப்பர் மார்க்கெட் ஸ்டிக்கர் இருந்தது. பவுலின் அதைப் பிய்த்து, விரல் நுனியில் ஒட்டிக்கொண்டு சபை முழுக்கக் காட்டினாள்.

"உங்க தோட்டத்துல காய்க்கும்போதே ஸ்டிக்கரோட காய்க்குதா, ஐரின்?"

ஐரின் முகம் செத்துப்போயிற்று. பவுலின் மகராசி அதோடு விட்டாளா? அடுத்த வருடம் மருந்தே படாத தக்காளியைத் தன் கையால் வளர்த்துக் கொண்டுவருவதாக, பெண்கள் ஐக்கிய சங்கச் செயலாளர் என்ற தோரணையில் அறிவித்தும் விட்டாள்.

காக்ஸ் டவுன் வீட்டு வாசலில் செடிகள் நன்றாகத்தான் வந்தன. வெள்ளை ஈ வந்தது. வேப்பெண்ணெயைச் சோப்புத் தண்ணீரில் கலக்கி இலைக்கு அடியில் அடித்தாள், ஒழிந்தது. அசுவினிப் பூச்சிக்குப் பூண்டும் பச்சை மிளகாயும் அரைத்துத் தெளித்தாள். பூச்சியைவிட அதிகம் அவதிப்பட்டது புருஷன் ஓஸ்வால்ட்தான், இரண்டு நாள் தும்மினார். காய்ப்புழுக்களைக் கையாலேயே பொறுக்கி நசுக்கினாள். அப்போது அவள் வாயில் வந்த வார்த்தைகள் எந்த ஜெபப் புத்தகத்திலும் கிடையாது.

பிறகு மழை பிடித்தது. ஓடில்லாத நத்தைகள் கும்பலாக வந்து, சிவக்கிற பழமாகப் பார்த்துக் குடைந்தன. முட்டை ஓட்டை நொறுக்கிப் போட்டாள். அதன்மேலேயே ஊர்ந்து போயின. தூவிய சாம்பல் மழையில் கரைந்தது. பண்டிகையோ நெருங்கிக்கொண்டே வந்தது. கடையில் வாங்கி வைத்தால் ஐரின் சும்மா விடுவாளா?

போனில் ஒரு வீடியோ வழி சொன்னது. செடி ஓரம் கிண்ணத்தில் பீர் வைத்தால் வாசனைக்கு வந்து விழுந்து சாகுமாம். மதுவை ஒழிக்கச் சொல்லித் தெருத்தெருவாகக் கையெழுத்து வாங்கியவளுக்கு இப்படி ஒரு சோதனை.

ஸ்கூட்டரை இரண்டு தெரு தள்ளி நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே ஒயின் ஷாப்புக்குள் நுழைந்தாள்.

"ஸ்ட்ராங் பீரா, லைட் பீரா மேடம்?" என்றான் கடைக்காரன்.

"நத்தைக்கு," என்றாள்.

அவன் எத்தனையோ சாக்குக் கேட்டவன். "அப்போ லைட் போதும்," என்று எடுத்து, அவள் கெஞ்சியதால் கைக்குக் கிடைத்த ஒரு காலி அட்டைப்பெட்டிக்குள் மறைத்துக் கொடுத்தான். பக்கத்தில் இன்னொரு ஹெல்மெட் நின்றிருந்தது. பழக்க தோஷம், அது வாய் தவறி, "ஸ்தோத்திரம், அக்கா," என்றது. சபைப் பொருளாளர் எரிக். இருவரும் ஒருவரையொருவர் பார்க்காதது போலவே வெளியேறினார்கள்.

நத்தைகள் ஆனந்தமாகக் குடித்துச் செத்தன. தக்காளி பிழைத்தது.

பண்டிகையன்று காணிக்கைகளை ஏலம் விடும்போது ஆயர் அவள் தக்காளியைப் பெட்டியோடு தலைக்கு மேல் தூக்கினார். "நம்ம பவுலின் அம்மா இயற்கையா வளர்த்தது! யார் கேக்கறீங்க?"

எல்லோரும் எதையோ வாசித்துக்கொண்டிருந்தார்கள். பவுலினும் வாசித்தாள். பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில், ஸ்ட்ராங் பீர்.

"கூடையோட காது பிஞ்சிடுச்சு," என்று ஓஸ்வால்ட் கிசுகிசுத்தார். "இது கெட்டியா இருந்துச்சு."

"நத்தைக்கு வாங்கினது, ஐயா," என்று பவுலின் எழுந்தாள். "நத்தை குடிக்கும்."

"நம்ம ஓஸ்வால்ட் அண்ணனைத்தானே சொல்றீங்க?" என்றது பின்வரிசை. கூரை அதிரச் சிரித்தார்கள். பவுலினுக்கு அழுகை முட்டியது. போன வருடம் ஐரின் இப்படித்தான் நின்றிருப்பாள் என்று முதல்முறையாகத் தோன்றியது.

எரிக்கால் பொறுக்க முடியவில்லை. "சிரிக்காதீங்க! அக்கா சொல்றது சத்தியம். நத்தைக்குன்னு சொல்லித்தான் வாங்கினாங்க. ஹெல்மெட் போட்டிருந்தா எனக்குக் குரல் தெரியாதா? பக்கத்துலயேதான் நின்னேன்."

அவர் மனைவி மௌரீன் மெதுவாகத் திரும்பினாள். "பக்கத்துலன்னா, எங்க?"

எரிக் இழுத்தார். "நானும் நத்தைக்குத்தான்..."

"மூணாவது மாடியிலயா? ஒரு செடிகூட இல்லாத வீட்டுலயா?"

அந்தக் கூச்சலுக்கு நடுவே ஐரின் முன்னால் நடந்து வந்தாள். பெட்டியிலிருந்து ஒவ்வொரு தக்காளியாக எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பவுலின் கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஸ்டிக்கர் இல்ல," என்றாள் ஐரின், எல்லோருக்கும் கேட்க. "தக்காளி வீட்டுலதான் விளைஞ்சது. பெட்டிதான் கடையில வாங்கினது. எனக்கே குடுங்க, ஐயா."

வெளியே வாசலில் பவுலின் அவளை மறித்தாள். "போன வருஷம் நான் பேசினது தப்பு, ஐரின்."

"தப்புதான்," என்றாள் ஐரின், பெட்டியை இடுப்பில் ஏற்றிக்கொண்டே. "என் கீரையையும் நத்தை மேயுது. அடுத்த தடவை போறப்ப என்னையும் கூட்டிட்டுப் போங்க. ஹெல்மெட் என்கிட்ட இருக்கு."