குறிப்பறிந்த டிரைவருக்கு ஒரு வீட்டுப்பாடம்

கில்சூ ஓட்டும் காரில் பின்சீட்டில் இருப்பவர் வாயைத் திறக்க வேண்டியதில்லை. முதலாளி இருமினால் ஜன்னல் கண்ணாடி இறங்கும். மறுபடி இருமினால் இளஞ்சூட்டில் பார்லி டீ பின்னால் நீளும். கொரியாவின் தேகு நகரத்து டிரைவர்களிடையே இதனால் அவருக்கு ஏகப்பட்ட பெயர். அந்தப் பெயரைச் சட்டைப்பைப் பேனா மாதிரி வெளியே தெரியும்படி குத்திக்கொண்டு திரிந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வீட்டிலும் அதே கதைதான். மகள் நாரேயின் கண் அலமாரிப் பக்கம் திரும்பும் முன்பே பிஸ்கட் கைக்கு வந்துவிடும். மூன்று வயது நெருங்கியும் அவளிடம் இருந்தவை 'அம்மா', 'பால்', 'நாய்' என்று சில ஒற்றைச் சொற்கள். இரண்டு சொல் சேர்ந்து வந்ததே இல்லை. 'அப்பா' வரவே இல்லை. கூப்பிடும் முன்பே வந்து நிற்கிறவரை யார் கூப்பிடுவார்கள்?

"பேசாட்டி என்ன, பிள்ளைக்கு என்னோட மூளை" என்று வெளியே சொல்லிக்கொண்டாலும், பக்கத்து வீட்டுக் குழந்தை தன் அப்பாவைக் கூப்பிடும்போதெல்லாம் அவரும் திரும்பிப் பார்ப்பார். கடைசியில் மனைவி ஜோங்மிதான் இருவரையும் பேச்சுப் பயிற்சி மையத்துக்கு இழுத்துப் போனாள். முதலில் காதைச் சோதித்தார்கள். காதில் கோளாறு இல்லை.

"வீட்ல எப்படி விளையாடுவீங்களோ அப்படியே விளையாடுங்க சார்" என்று சொல்லிவிட்டு, பயிற்சி தரும் தாக் டீச்சர் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் போய்விட்டாள்.

கில்சூ இதைத் தனக்கு வைத்த பரீட்சை என்று எடுத்துக்கொண்டார். இறுக்க மூடிய டப்பாவைக் குழந்தை தொடும் முன்பே திறந்தார். சோப்புக் குமிழி ஊதினார். படத்துண்டுகளைத் தானே அடுக்கி முடித்தார். நாரே ஒரு ராணியைப் போல உட்கார்ந்து பார்த்தாள். வியர்வையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தவர் பாராட்டுக்குத் தயாராக நின்றார்.

"இவ்வளவு கவனிக்கிற அப்பாவை நான் பார்த்ததே இல்ல" என்றாள் டீச்சர்.

கேட்டுக்கொள் என்பது போல அவர் மனைவியைப் பார்த்தார்.

"ஆனா அவ பேசறதுக்கு நீங்க இடமே விடல சார்."

கில்சூவின் முகம் வாடிவிட்டது. "அப்ப, என்னாலதானா?"

"இல்ல சார், யாராலயும் இல்ல. சில பிள்ளைங்களுக்குப் பேச்சு தாமதமா வரும், பயிற்சி குடுக்கணும். இங்க நான் குடுக்கறேன். வீட்ல நீங்க கொஞ்சம் மந்தமா இருங்க. பாலைக் குடுங்க, ஸ்ட்ராவைக் குடுக்காதீங்க. அவ முகத்தைப் பார்த்துக் காத்திருங்க. அவ எது சொன்னாலும் கூட ஒரு வார்த்தை சேர்த்துத் திருப்பிச் சொல்லுங்க."

"ஒண்ணும் புரியாதவன் மாதிரி நடிக்கணுமா?"

"அது இவருக்கு வரும் டீச்சர். நான் பொறுப்பு" என்றாள் ஜோங்மி.

வரவில்லை. முதல் நாள் கை தானாகவே ஸ்ட்ராவை நீட்டிவிட்டது. அடுத்த நாள் கையின்மேல் உட்கார்ந்துகொண்டார். "புருவத்தைத் தூக்குங்க, வாயை லேசாத் திறங்க. ஆங், இப்பதான் சரியான மக்கு" என்று ஜோங்மி பாடம் எடுத்தாள். சில வாரங்களில் அந்த முகம் படிந்துவிட்டது. எவ்வளவு படிந்துவிட்டது என்பது காரில்தான் தெரிந்தது.

முதலாளி இருமினார். கில்சூ புருவத்தைத் தூக்கி, பின்சீட்டைக் காட்டும் கண்ணாடியில் அவர் முகத்தைக் கனிவோடு பார்த்துக் காத்திருந்தார். முதலாளி மறுபடி இருமினார். கில்சூ தைரியமூட்டும்படி தலையசைத்தார்.

"கண்ணாடி" என்றார் முதலாளி கடைசியில்.

"கண்ணாடி! கண்ணாடியை இறக்கலாம்!"

அலுவலகம் வந்தது. இறங்கும்போது முதலாளி கேட்டார்: "உடம்புக்கு ஏதாவது பண்ணுதாய்யா?" கில்சூ இடுப்பு ஒடிய வணங்கி மன்னிப்புக் கேட்டார்.

இரவுச் சாப்பாட்டில் இதைக் கேட்ட ஜோங்மிக்குக் கடற்பாசி சூப் புரையேறியது. "நடிக்கச் சொன்னா நிஜமாவே மக்காயிட்டீங்களே." அம்மா சிரிப்பதைப் பார்த்து நாரேயும் சிரித்தாள். பிறகு தன் வாழைப்பழப் பாலைத் தூக்கிக் காட்டினாள்.

கில்சூ முகத்தை மாற்றிக்கொண்டார். நாரே பாலைப் பார்த்தாள். அவர் சட்டைப்பையில் நீட்டிக்கொண்டிருந்த ஸ்ட்ராவைப் பார்த்தாள். கையைக் காட்டினாள். அவர் கூரையைப் பார்த்தார். குழந்தை ஒரு பெருமூச்சு விட்டது.

"அப்பா மக்கு."

ஜோங்மியின் கரண்டி அப்படியே நின்றது. இரண்டு சொல். அதில் ஒன்று அப்பா. அந்த நேரத்திலும் கில்சூவுக்கு வீட்டுப்பாடம் மறக்கவில்லை.

"ஆமாடா கண்ணு. அப்பா பெரிய மக்கு" என்று ஒரு சொல் சேர்த்துத் திருப்பிச் சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தார். வாழ்நாளில் யாரும் அவரை இவ்வளவு பாராட்டியதில்லை. அழுகையில் ஸ்ட்ரா என்ற ஒன்று இருப்பதே மறந்துபோயிற்று. இந்த முறை நடிப்பு இல்லை.

நாரே எட்டி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அப்பா" என்று கூப்பிட்டாள்.