நின்றுபோன சத்தம்

உமாபதி இரண்டே மாதத்தில் மூன்று தப்புச் செய்துவிட்டார். மருமகன் கிஷோரை "முரளிதரா" என்று கூப்பிட்டார். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டே மூக்குக் கண்ணாடி தேடினார். புத்தூருக்கு டிக்கெட் வாங்கி வடமாலபேட்டையில் போய் இறங்கினார். பெரியவருக்கு மூளை கரைந்துவிட்டதாம் என்ற சேதி நகரியைத் தாண்டி, மலை ஏறி, பெருமாள் காது வரைக்கும் போயிருக்கும்.

மூளை ஸ்கேனில் ஏதாவது தெரிந்தால், முப்பது வருஷமாக அவர் இடுப்பில் தொங்கும் விசைத்தறிக் கொட்டகைச் சாவி மகள் ஷோபாவிடம் போய்விடும். அதன் பிறகு அவர் வெறும் உமாபதி.

திருப்பதியில் ஸ்கேன் அறை வாசலில், முட்டிவலியோடு இன்னாசி ஃபாதர் காத்திருந்தார். பாதிரியார் ஆகப் படிப்பவர்களுக்குக் குருமடத்தில் கத்தோலிக்கத் தத்துவம் நடத்துகிறவர். உமாபதி பத்து நிமிஷத்தில் மொத்தத்தையும் கொட்டிவிட்டார்.

"மூளையில ஓட்டை கீதுன்னா நான் காலி, ஃபாதர்."

"தறிய படம் புடிச்சா நெய்யறவரு அதுல விழுவாரா? மூளை தறி மாதிரி. தறி கெட்டா நெசவு கெடும், நெசந்தான். ஆனா யோசிக்கிற ஆன்மாவை எந்த மிஷினும் படம் புடிக்காது."

கூட வந்திருந்த ஷோபா விடவில்லை. "தறி இருக்கட்டும் ஃபாதர், நெய்யறவரே வடமாலபேட்டையில எறங்கிட்டாரே!"

ஃபாதர் வாய் திறப்பதற்குள் உமாபதி நிமிர்ந்தார்.

"நின்னுபோச்சி."

"இன்னா நைனா?" என்றாள் மகள்.

"உள்ள சிக்குசிக்குனு ஓடிக்கினு இருந்திச்சே, அது."

நாற்பது தறி ஒன்றாக அலறும்போது ஒன்றில் இழை அறுந்து அது நின்றால், மூன்று தெரு தள்ளி டீ குடிக்கும் உமாபதி கிளாஸை வைத்துவிட்டு எழுந்துவிடுவார். ஸ்கேன் எடுக்கும் பையனுக்கு அது தெரியாதே! "ஸ்கேன் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல, பெரியவரே" என்று சிரித்துக்கொண்டே உள்ளே போனான். ராக்கெட் மாதிரி வெளியே வந்தான். மெஷினைக் குளிர வைக்கும் பம்பு நின்றிருந்தது. ஒரே நேரத்தில் எட்டு ஃபோன்கள் அடித்தன. ஸ்கேன் அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போனது.

ஃபாதர் ஷோபாவைப் பார்த்தார். "காது இருக்கிற சத்தத்தத்தான் கேக்கும். இல்லாத சத்தத்தைக் கேட்டது யாரும்மா?"

ஷோபா அப்பா பக்கம் திரும்பினாள். "சாவி உங்ககிட்டயே இருக்கட்டும் நைனா. ஸ்கேன்ல இன்னா வந்தாலும் சரி."

உமாபதி ராஜா மாதிரி இடுப்பைத் தடவினார். சாவி இல்லை.

ஷோபா கைப்பையிலிருந்து அதை எடுத்து நீட்டினாள். "காலையில பூட்டுலயே தொங்கிக்கினு இருந்திச்சி."

உமாபதி கொஞ்சங்கூடக் கூச்சப்படாமல் வாங்கிச் செருகிக்கொண்டார்.

"அது தறி பண்ண தப்பு. நெய்யறவன் இன்னா பண்ணுவான், கேளுங்க ஃபாதர்!"