காங்குக்குள் போன லுவான் சூஃபென்

எங்கள் ஹெய்ஷிகோ ஊரில் சுய் தேஷுன் தன் வீட்டுக் காங்குக்குள் படுக்கப் போனவர் இருபத்திரண்டு வருஷம் வெளியே வரவில்லை. போகும்போது வயது நாற்பத்தொன்று. மனைவி லுவான் சூஃபெனுக்கும் அதே வயதுதான்.

காங் என்பது அடுப்புப் புகை அடியில் ஓடிச் சூடேற்றும் செங்கல் கட்டில். எங்கள் பக்கத்தில் அது இல்லாத வீடு கிடையாது. சூஃபென் வீட்டுக் காங்கை மட்டும் கிராஃபைட் ஆலையின் கழிவுத்தூளில் அறுத்த செங்கல்லால் கட்டியிருந்தார்கள். எங்கள் கிராஃபைட் மலை முன்பெல்லாம் பென்சிலுக்குப் போனது. பிறகு பொடித்து உருட்டி மின்சாரக் கார் பாட்டரியின் எதிர்முனைக்கு அனுப்பினார்கள். அந்தத் தூள் படிந்து காயப்போட்ட போர்வையெல்லாம் வெள்ளியாய் மினுங்கும். அந்தக் காங்கில் படுத்தால் செங்கல் தாள்தாளாய் விலகி ஆளை உள்ளே வாங்கிக்கொள்ளும். முதல் நாள் படுத்த தேஷுன்தான் திரும்பவில்லை. அதன்பின் படுத்தவர்கள் எல்லோரும் விடிந்ததும் முகம் தெளிந்து வெளியே வந்தார்கள். ஆகவே சூஃபென் லாரிக்காரர்களுக்கு விடுதி நடத்தினாள். ஒரே காங்கில் முப்பது பேர். அத்தனை பேர் உள்ளே போனால் வீடு பத்தில் ஒரு பங்கு உப்பிப் பெருக்கும், அவ்வளவுதான். காங் சூடேறுமுன் முண்டியடித்தவர்கள் மட்டும் உள்ளே போக முடியாமல் மேலேயே ஊசி ஊசியாய் உறைந்தார்கள். வெந்நீர் ஊற்றிப் பெயர்க்க வேண்டியதாயிற்று.

ஆலைப் பொறியாளர் தாவ் ஒருமுறை தங்கிவிட்டு விஷயத்தை விளக்கினான்.

"பெரியம்மா, பாட்டரியிலயும் இதே கதைதான். லித்தியம் முதல் தடவை கிராஃபைட்டுக்குள்ள நுழையறப்ப கொஞ்சம் உள்ளேயே தங்கித் தோலாப் படிஞ்சிடும். அது இருந்தாத்தான் மத்தது ஒழுங்காப் போயிட்டு வரும்."

"அப்ப எங்க வீட்டுக்காரர் தோலுங்கிறே?"

"நல்ல தோலு பெரியம்மா! இதுவரைக்கும் ஒருத்தராவது மாட்டுனாங்களா?"

சூஃபென் அவனுக்கு முட்டைக்கோஸ் கொழுக்கட்டை இன்னும் நாலு வைத்தாள். சாயங்காலமானால் காங்கோடு பேசுவாள்.

பிறகு சுரங்கம் பெருத்து ஊரை விழுங்க வந்தது. எல்லோருக்கும் அடுக்குமாடி வீடு. காங்கை இடித்தபோது தூசிக்குள்ளிருந்து தேஷுன் எழுந்து உட்கார்ந்து, பசிக்கிறது என்றார். அதே நாற்பத்தொன்று. சூஃபெனுக்கு அறுபத்துமூன்று. இருவரும் கைகோத்துச் சந்தைக்குப் போனார்கள். பனியில் உறைய வைத்த பேரிக்காய் விற்கிறவள், "என்ன பெரியம்மா, புள்ள ஊர்லேருந்து வந்தாச்சா?" என்றாள். சூஃபென் பேரிக்காய் வாங்காமலே திரும்பினாள்.

புது வீட்டில் அதே செங்கல்லை அடுக்கி, அடியில் மின்சூடு வைத்தார்கள். புது அடுக்கு என்றால் மறுபடி முதல் நாள். யாராவது உள்ளே தங்கியாக வேண்டும். தேஷுன் செருப்பைக் கழற்றினார்.

"தள்ளு. எனக்குத்தான் பழக்கம்."

"இருபத்திரண்டு வருஷம் நான் தனியாப் பேசியாச்சு. இனி நீ பேசு. உன்கூட நடந்தா உன்னை என் புள்ளைங்கிறாங்க. எனக்குச் சமமா வயசாயிட்டு அப்புறம் வந்து கூப்பிடு, கிழவா."

"நான் எங்கடி கிழவன்?"

"அதைத்தான்யா சொல்றேன்."

காங் நன்றாகச் சூடாகும்வரை காத்திருந்து, அவசரமில்லாமல் உள்ளே போனாள்.

இப்போது விடுதியைத் தேஷுன் நடத்துகிறார். லாரிக்காரர்கள் போய்ப் போய் வருகிறார்கள், ஒருவரும் மாட்டவில்லை. ஒன்பது வருஷம் ஆகிவிட்டது. போன மாதம் அவருக்கு ஒரு கடைவாய்ப்பல் விழுந்தது. அந்தச் சந்தோஷத்தில் கட்டிடம் முழுவதற்கும் கொழுக்கட்டை போட்டார். காங்கை உடைக்கச் சம்மட்டி வாங்கி வைத்திருக்கிறார். இன்னும் பதின்மூன்று வருஷம்.